வீணை வகுப்பு வீடியோக்களுக்கு எந்த சிடிஎன்? ஓர் ஆசிரியைக்குப் பதில்

கடிதம் தஞ்சாவூர்ப் பக்கத்திலிருந்து வந்தது. எழுதியவர் வீணை ஆசிரியை. வீடியோக்களுக்குப் பல ஊர் சர்வர்களில் பிரதி வைத்து, பார்ப்பவருக்குப் பக்கத்திலிருந்து அனுப்பும் சேவைதான் சிடிஎன்; அதில் எதை எடுப்பது என்று கேட்கிறார். அவரை யாரும் அடையாளம் காணாதபடி சில விவரங்களை மாற்றியிருக்கிறேன்.

கொரோனா ஊரடங்கில் நாற்பது பேரோடு தொடங்கிய இணைய வகுப்பில் இன்று 900 மாணவர்கள். 560 பேர் இந்தியாவில், அதிலும் பெரும்பாலோர் தமிழ்நாட்டில். துபாய், தோஹா பக்கம் 130 பேர், இலங்கையில் 90, சிங்கப்பூர் மலேசியாவில் 80, கனடாவிலும் இங்கிலாந்திலும் சேர்த்து 40. பதிவு செய்த பாடங்கள் 400 மணி நேரம். ஒரு மாணவர் மாதத்துக்குச் சுமார் 12 மணி நேரம் பார்க்கிறார். ஞாயிறு காலையில் லைவ் வகுப்பும் உண்டு. எல்லாப் பாடங்களும் 1080பி தரத்தில், ஒரே எம்பி4 கோப்பாக, மும்பையில் ஒரு கிளவுட் சேமிப்பகத்தில் இருக்கின்றன. மாணவர்கள் நேராக அங்கிருந்தே பார்க்கிறார்கள். போன மாத பில் ஒன்றரை லட்சத்தைத் தாண்டிவிட்டது. அப்படியும் யாழ்ப்பாணத்திலும் துபாயிலும் திருவையாறு பக்கத்துக் கிராமங்களிலும் வீடியோ சுற்றிக்கொண்டே நிற்கிறது.

இப்போது மூன்று யோசனைகள் அவர் முன்னால் இருக்கின்றன. ஒரு முகவர், உலகமெங்கும் சர்வர் வைத்திருக்கும் பெரிய நிறுவனத்தோடு ஓராண்டு ஒப்பந்தம் போடச் சொல்கிறார். மாதம் குறைந்தது 25 டிபிக்குப் (டெராபைட்; ஒரு டிபி என்பது ஆயிரம் ஜிபி) பணம் கட்ட வேண்டும், மாதக் கடைசிக்குள் கையெழுத்து வேண்டும் என்கிறார். அண்ணன் மகன், கிளவுட்ஃபிளேர் என்ற சிடிஎன் நிறுவனத்தின் இலவசத் திட்டத்தைச் சேமிப்பகத்துக்கு முன்னால் வைத்தால் செலவே இருக்காது என்கிறான். தோழி ஒருவர், யூடியூபில் பட்டியலிடாத வீடியோவாக ஏற்றிவிடச் சொல்கிறார். இவற்றோடு இன்னும் இரண்டு கேள்விகளையும் கேட்டிருக்கிறார்: சிடிஎன் போட்டால் டெலிகிராமில் பாடங்கள் திருட்டுப் போவது நிற்குமா? லைவ் வகுப்பில் மாணவர்களோடு சேர்ந்து வாசிக்க முடியுமா?

அன்புள்ள ஆசிரியைக்கு,

உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். "எந்த கம்பெனி நல்லது என்று மட்டும் சொல்லுங்கள்" என்று முடித்திருக்கிறீர்கள். பெயரைச் சொல்கிறேன். ஆனால் உங்கள் பில்லில் பெரும்பகுதிக்கும், மாணவர்களின் சிரமத்தில் பாதிக்கும் காரணம் நீங்கள் வைத்திருக்கும் கோப்பு. அதைச் சரி செய்யாமல் எந்த நிறுவனத்துக்குப் போனாலும் இதே கதைதான். ஆகவே அங்கிருந்தே தொடங்குகிறேன்.

முதலில் கோப்பு

நீங்கள் அனுப்பிய மாதிரிப் பாடத்தின் பிட்ரேட், அதாவது அது விநாடிக்கு இழுக்கும் டேட்டா, 4 மெகாபிட். ஒரு எளிய கணக்கு நினைவில் இருக்கட்டும்: மெகாபிட்டை 0.45-ஆல் பெருக்கினால் ஒரு மணி நேரத்துக்கு எத்தனை ஜிபி என்று வரும். 4 மெகாபிட் என்றால் மணிக்கு 1.8 ஜிபி. 900 பேர், ஆளுக்கு 12 மணி நேரம், ஆக 10,800 மணி நேரம். மாதம் 19.4 டிபி போகிறது. கிராமத்தில் ஐந்து அங்குலத் திரையில் பார்க்கும் சிறுமிக்கும் அதே 4 மெகாபிட், டொராண்டோவில் டிவியில் பார்ப்பவருக்கும் அதே 4 மெகாபிட். சிறுமியின் இணைப்பு 2 மெகாபிட்டுக்கு இறங்கினால் வீடியோ நிற்கத்தான் செய்யும். உலகத்தின் சிறந்த சிடிஎன்னும் அதை ஓட வைக்காது. செல்போன் கோபுரத்திலிருந்து கைபேசி வரைக்கும் உள்ள கடைசி வழியில் சிடிஎன்னுக்கு வேலையே இல்லை.

வழி இதுதான். ஒவ்வொரு பாடத்தையும் எச்எல்எஸ் முறையில் நான்கைந்து தரங்களாக மாற்றி, ஆறு ஆறு விநாடித் துண்டுகளாக வெட்டி வைக்க வேண்டும். ஆப்பிள் 2009-இல் கொண்டுவந்த முறை இது. இன்று எல்லாக் கைபேசியிலும் ஓடும். இணைப்பு இளைத்தால் பிளேயர் தானாகச் சின்னத் துண்டுக்கு இறங்கும், தேறினால் ஏறும். இன்னொரு லாபமும் உண்டு. இப்போது ஒரு மாணவர் பாடத்தைத் திறந்து ஐந்து நிமிடத்தில் மூடினாலும், பிரவுசர் அதற்குள் வெகுதூரம் முன்னால் இறக்கி வைத்திருக்கும். பார்க்காத அந்தப் பகுதிக்கும் நீங்கள் பணம் கட்டுகிறீர்கள். துண்டுகளாக இருந்தால் அந்த வீண்செலவு பெரிதும் குறையும்.

வீணை வகுப்புக்கென்று இரண்டு விஷயங்களை அழுத்திச் சொல்கிறேன், ஏனென்றால் சாதாரணமாகக் கிடைக்கும் அமைப்புகள் உங்களை இங்கே கெடுக்கும். படம் சிறுத்தாலும் ஒலி சிறுக்கக் கூடாது. பல சேவைகள் கீழ்த் தரத்தில் ஒலியை 64 கிலோபிட்டுக்குக் குறைத்துவிடும். பேச்சுக்கு அது போதும்; வீணையின் மீட்டொலி தேய்ந்து அடங்கும் அந்த நீண்ட வாலுக்குப் போதாது. எல்லாத் தரத்திலும் ஏஏசி (ஒலியைச் சுருக்கும் முறை) ஒலி 128 கிலோபிட்டாவது இருக்கட்டும். இணைப்பு மிக மோசமானவர்களுக்கு ஒலி மட்டும் உள்ள ஒரு தரத்தையும் சேருங்கள். இரண்டாவது, எந்தத் தரத்திலும் விநாடிக்கு 25 பிரேமுக்குக் கீழே போகாதீர்கள். மெட்டின் மேல் தந்தியை இழுத்து கமகம் காட்டும்போது விரல் எவ்வளவு இழுக்கிறது என்பதுதான் பாடமே. பிரேம் குறைந்தால் விரல் தாவுவது மட்டும்தான் தெரியும். 1080பி வேண்டாம், விரல் நெருக்கமாகத் தெரிகிற 720பி போதும். 240பி, 360பி, 480பி, 720பி என்று நான்கு படிகள் வையுங்கள்.

மாணவர்கள் பெரும்பாலும் கைபேசியில் பார்க்கிறார்கள் என்று எழுதியிருக்கிறீர்கள். அப்படியானால் சராசரி 1 மெகாபிட் அளவுக்கு வந்துவிடும். 19.4 டிபி என்பது சுமார் 4.9 டிபி ஆகும். நிறுவனத்தை மாற்றாமலே பில் நாலில் ஒரு பங்குக்கு அருகில் வந்து நிற்கும்.

சர்வர் எண்ணிக்கையைப் பார்த்து மயங்க வேண்டாம்

"அதிக ஊர்களில் சர்வர் வைத்திருப்பவரே சிறந்தவர்" என்று முகவர் சொன்னதை நீங்கள் அப்படியே நம்பியிருக்கிறீர்கள். லட்சக்கணக்கான பேர் ஒரே நேரத்தில் ஒரே வீடியோவைப் பார்க்கும்போது அது உண்மை. 2023 உலகக் கோப்பை இறுதிப் போட்டியை ஹாட்ஸ்டாரில் ஒரே நேரத்தில் 5.9 கோடிப் பேர் பார்த்தார்கள். அந்த மாதிரிக் கூட்டத்துக்கு, இணைய இணைப்புத் தரும் நிறுவனங்களின் கூடத்துக்குள்ளேயே சர்வர் இருக்க வேண்டும். 1998-இல் தொடங்கிய அகமாய் என்ற சிடிஎன் நிறுவனம் பெயர் வாங்கியது அந்த வேலையில்தான்.

உங்கள் நிலைமை வேறு. மருந்துக்கடையை நினைத்துக்கொள்ளுங்கள். காய்ச்சல் மாத்திரை தெருமுனைக் கடையிலும் இருக்கும். மாதத்துக்கு ஒருவர் கேட்கும் மருந்தை அந்தக் கடைக்காரர் வாங்கி வைக்க மாட்டார். கேட்டால் மொத்த வியாபாரியிடமிருந்து வரவழைத்துத் தருவார். சிடிஎன்னின் எட்ஜ் சர்வரும், அதாவது பார்ப்பவருக்குப் பக்கத்தில் இருக்கும் சர்வரும், அப்படித்தான். யாராவது கேட்ட பிறகுதான் அது உங்கள் சேமிப்பகத்திலிருந்து வாங்கி ஒரு பிரதி வைத்துக்கொள்ளும். கொஞ்ச நாள் யாரும் கேட்கவில்லை என்றால் இடம் வேண்டுமென்று தூக்கி எறிந்துவிடும். வளைகுடாவில் இருக்கும் 130 பேர், 400 மணி நேரப் பாடங்களில் ஆளுக்கொன்றை ஆளுக்கொரு நேரத்தில் பார்க்கிறார்கள். "நாட்டை ராகம், நான்காம் பாடம்" துபாய் சர்வரில் தயாராக இருக்க வாய்ப்பு மிகக் குறைவு. ஆகவே ஒவ்வொரு முறையும் மும்பைக்கு ஆள் அனுப்பித்தான் எடுத்து வரும். சர்வர் இருக்கும் ஊர்கள் கூடக் கூட, உங்களைப் போன்ற சிறிய வகுப்புக்கு இப்படிப் பிரதி இல்லாமல் போவதும் கூடும்.

ஆகவே நீங்கள் கேட்க வேண்டிய கேள்வி வேறு: "ஆரிஜின் ஷீல்டு இருக்கிறதா? அதற்குத் தனிக் கட்டணமா? என் பிரதி எத்தனை நாள் நிற்கும்?" ஷீல்டு என்பது எல்லா எட்ஜ் சர்வர்களுக்கும் பின்னால் நிற்கும் வட்டாரக் கிடங்கு. துபாய்க்காக ஒரு முறை எடுத்த துண்டு அங்கே தங்கும். அடுத்து தோஹாவோ கொழும்போ கேட்டால் அங்கிருந்தே போய்விடும். துண்டுகளின் பெயரை மாற்றாமல், காலாவதியை ஓராண்டு என்று வைத்துவிடுங்கள். பாடம் மாறப்போவதில்லையே.

துபாய் சிரமத்துக்கு இன்னொரு காரணமும் இருந்திருக்கலாம். 2025 செப்டம்பரில் ஜெட்டா அருகே செங்கடலில் கடலடிக் கேபிள்கள் அறுந்தபோது இந்தியாவிலும் வளைகுடாவிலும் இணையம் மந்தமானது. அப்படிப்பட்ட நாட்களில் பிரதி பக்கத்து ஊரில் இருந்தால் மட்டுமே தப்பிக்கலாம்.

விலையை எப்படிப் பார்ப்பது

சிலர் ஜிபி கணக்கில் விற்கிறார்கள், சிலர் பார்க்கும் நிமிடக் கணக்கில். இரண்டையும் ஒன்றாக வைத்து ஒப்பிடத் தெரியாமல்தான் பலர் ஏமாறுகிறார்கள். உங்கள் எண்களையே போட்டுப் பார்ப்போம். விலைகள் அந்தந்த நிறுவனங்கள் வெளியிட்டவை. பணம் கட்டும் நாளில் ஒரு முறை சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

அமேசான் கிளவுட்ஃபிரண்ட்: மாதம் முதல் 1 டிபி இலவசம். அப்புறம் பயன்பாட்டுக்கு ஏற்பக் கட்டும் முறையில் இந்தியப் பார்வையாளர்களுக்கு ஜிபிக்குச் சுமார் 10.9 சென்ட். அமெரிக்கா, ஐரோப்பாவுக்கு 8.5 சென்ட். இந்தியா இங்கே விலை கூடிய ஊர் என்பதைக் கவனியுங்கள். 4.9 டிபிக்குச் சுமார் 420 டாலர் வரும். இப்போதைய கோப்புகளோடே போனால் 1,700 டாலருக்கு மேல்.

பன்னி: ஸ்லோவேனிய நிறுவனம். ஆசியாவுக்கு ஜிபிக்கு 3 சென்ட், மத்திய கிழக்குக்கு 6 சென்ட், ஐரோப்பாவுக்கும் வட அமெரிக்காவுக்கும் 1 சென்ட். உங்கள் வளைகுடா மாணவர்களையும் சேர்த்துப் போட்டால் சுமார் 165 டாலர். வீடியோவைப் பல தரங்களாக மாற்றித் தரும் வேலைக்கு அவர்களுடைய ஸ்ட்ரீம் சேவையில் தனிக் கட்டணம் இல்லை.

கிளவுட்ஃபிளேர் ஸ்ட்ரீம்: 1,000 நிமிடம் பார்த்தால் 1 டாலர், 1,000 நிமிடம் சேமித்து வைக்க மாதம் 5 டாலர். 10,800 மணி நேரம் என்பது 6,48,000 நிமிடம், ஆக 648 டாலர். 400 மணி நேரச் சேமிப்புக்கு 120. மொத்தம் 768.

இந்தக் கணக்கில் ஒரு நுணுக்கம் இருக்கிறது. நிமிடக் கணக்கில் வாங்கினால் தரம் கூடினாலும் குறைந்தாலும் அதே விலை. மணிக்கு 6 சென்ட், அவ்வளவுதான். எல்லோரும் பெரிய டிவியில் 1080பி பார்க்கும் இடத்தில் அது லாபம். பன்னியின் ஆசிய விலையோடு ஒப்பிட்டால், சராசரி சுமார் 4.4 மெகாபிட்டைத் தாண்டும்போதுதான் நிமிடக் கணக்கு மலிவாகிறது. கிளவுட்ஃபிரண்டின் இந்திய விலையோடு ஒப்பிட்டால் 1.2 மெகாபிட்டிலேயே மலிவாகிவிடுகிறது. கைபேசியில் 1 மெகாபிட்டில் பார்க்கும் உங்கள் மாணவர்களுக்கு ஜிபி கணக்கே சரி. மெனக்கெட்டு வீடியோவைச் சிறிதாக்கினால், அந்த உழைப்பின் பலன் உங்கள் கைக்கு வர வேண்டும்.

அண்ணன் மகனின் யோசனை பற்றி

அவன் சொன்னதில் பாதி சரி, பாதி ஆபத்து. மும்பைச் சேமிப்பகத்துக்கு முன்னால் கிளவுட்ஃபிளேர் இலவசத் திட்டத்தை வைத்து வீடியோ அனுப்புவதை அவர்களுடைய சேவை விதிகள் ஏற்பதில்லை. வீடியோவுக்கென்று அவர்கள் விற்கும் சேவைகளைப் பயன்படுத்தச் சொல்கிறார்கள். ஒரு நாள் திடீரென்று நிறுத்தினால் கேட்க உங்களுக்கு உரிமை இருக்காது. இலவசத் திட்டத்தில் 512 எம்பிக்கு மேற்பட்ட கோப்பு கேஷிலும் (எட்ஜ் சர்வர் பிரதி வைத்திருக்கும் இடம்) தங்காது. உங்கள் எம்பி4 ஒவ்வொன்றும் அதைவிடப் பெரியது.

அதே நிறுவனத்தின் ஆர்2 சேமிப்பகத்தில் எச்எல்எஸ் துண்டுகளை வைத்துக் கொடுப்பது வேறு விஷயம். அது விதிக்கு உட்பட்டது. ஆர்2-இல் வெளியேறும் டேட்டாவுக்குக் கட்டணம் இல்லை. சேமிப்புக்கும் கோரிக்கைகளின் எண்ணிக்கைக்கும் மட்டும் பணம். உங்கள் அளவுக்கு இதுவே எல்லாவற்றிலும் மலிவு, மாதம் சில பத்து டாலரில் முடிந்துவிடும். ஆனால் தரம் மாற்றுவது, பிளேயர், பூட்டு எல்லாவற்றையும் நீங்களே கட்டிக்கொள்ள வேண்டும். அண்ணன் மகன் அதைச் செய்யக்கூடியவனா, அவன் அடுத்த ஆண்டு பெங்களூருக்கு வேலைக்குப் போய்விட்டால் யார் பார்ப்பது என்பதை வீட்டில் மனம்விட்டுப் பேசுங்கள். இன்னொன்று: கிளவுட்ஃபிளேருக்குச் சென்னையிலும் கொழும்பிலும் சர்வர் இருக்கிறது என்றாலும், குறைந்த திட்டங்களில் உங்கள் மாணவர் எப்போதும் அங்கேதான் போய்ச் சேருவார் என்று இல்லை. இங்கிருக்கும் சில இணைப்புகளிலிருந்து சிங்கப்பூர் சுற்றிப் போவதை நானே பார்த்திருக்கிறேன். அதை எப்படிச் சோதிப்பது என்று கீழே சொல்கிறேன்.

யூடியூப் விஷயத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கூகுள் தன் கேஷ் சர்வர்களை இணைய நிறுவனங்களுக்குள்ளேயே வைத்திருப்பதால், உங்கள் கிராமத்து மாணவிக்கு அதைவிட வேகமாக யாரும் தர முடியாது. ஆனால் பட்டியலிடாத வீடியோவின் லிங்க் யார் கையில் கிடைத்தாலும் திறக்கும். இலவச அறிமுகப் பாடங்களை அங்கே வையுங்கள், கட்டணப் பாடங்களை வேண்டாம்.

ஒப்பந்தம்: இப்போது கையெழுத்துப் போடாதீர்கள்

கோப்பைச் சரி செய்தால் உங்கள் தேவை 4.9 டிபி. நீங்கள் கட்டப்போவதோ 25 டிபிக்கு, அதுவும் பன்னிரண்டு மாதம். மாணவர்கள் இரண்டு மடங்கானாலும் 10 டிபிதான். முகவரை நான் குறை சொல்லவில்லை. இப்போதைய பில்லைப் பார்த்து அவர் கணக்குப் போட்டிருப்பார். ஆனால் அந்தப் பில் நோயின் அளவு. நோய் தீர்ந்த பிறகு எவ்வளவு சாப்பிடுவீர்கள் என்று அதை வைத்துச் சொல்ல முடியாது.

ஒரு பயிற்சி மையத்துக்கு நான் ஆலோசகராகப் போனபோது ஒப்பந்தம் ஏற்கெனவே கையெழுத்தாகியிருந்தது. தேர்வு முடிந்து பார்வையாளர்கள் பாதியாகக் குறைந்த ஆறு மாதமும் அவர்கள் முழுப் பணம் கட்டினார்கள். அந்த ஆண்டு அவர்களால் புதிதாக ஓர் ஆசிரியரைக்கூட நியமிக்க முடியவில்லை. உங்கள் உதவி ஆசிரியைகளின் சம்பளத்தைப் பற்றி நீங்கள் எழுதியிருந்த வரியைப் படித்தபோது எனக்கு அதுதான் நினைவுக்கு வந்தது.

பெரிய நிறுவனம் என்றால் நிலைத்திருக்கும் என்றும் எழுதியிருந்தீர்கள். லைம்லைட், எட்ஜ்காஸ்ட் என்ற இரண்டு பெரிய சிடிஎன்கள் 2022-இல் சேர்ந்து எட்ஜியோ ஆயின. 2024 செப்டம்பரில் அது திவால் மனு கொடுத்தது. 2025 ஜனவரி 15-இல் அதன் வலையமைப்பே நின்றது. ஸ்டாக்பாத் என்ற நிறுவனம் 2024-லேயே மூடிவிட்டது. நன்றாக நடக்கிற நிறுவனமும் சறுக்கும்: 2021 ஜூன் 8 அன்று ஃபாஸ்ட்லியில் ஒரு வாடிக்கையாளர் செய்த சரியான மாற்றமே உள்ளே ஒளிந்திருந்த பிழையைக் கிளப்பிவிட, அவர்கள் வலையமைப்பில் 85 சதவீதம் பிழைச் செய்தி காட்டியது. ஒரு மணி நேரத்துக்குள் பெரும்பாலும் சரி செய்துவிட்டார்கள்.

ஆகவே யாரிடம் போனாலும் இரண்டை மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள். மூலப் பதிவுகள் உங்கள் ஹார்டு டிஸ்கிலும் இன்னொரு இடத்திலும் இருக்கட்டும். வீடியோ முகவரி உங்கள் சொந்த டொமைனின் பெயரில் இருக்கட்டும், நிறுவனம் தரும் பெயரில் வேண்டாம். அப்படி இருந்தால் வேறு இடத்துக்கு மாறும் நாளில் செயலியையோ லிங்குகளையோ தொட வேண்டியதில்லை. டிஎன்எஸ்ஸில் (டொமைன் பெயர் எந்த சர்வருக்குப் போகும் என்று சொல்லும் பட்டியல்) ஒரு வரியை மாற்றினால் போதும்.

பணம் கட்டுவதில் ஒரு நடைமுறைச் சிக்கல். ரிசர்வ் வங்கி விதிப்படி, கார்டில் தானாகப் பிடிக்கும் மாதக் கட்டணம் 15,000 ரூபாயைத் தாண்டினால் ஒவ்வொரு முறையும் ஓடிபி வேண்டும். வெளிநாட்டு நிறுவனங்களின் பில் இதனால் அடிக்கடி தட்டிப்போகும், சேவையும் நிற்கும். முன்பணம் போட்டு வைத்துக் கழித்துக்கொள்ளும் வசதி இருக்கிறதா என்று பாருங்கள். ஜிஎஸ்டி பதிவு இருந்தால், வெளிநாட்டுச் சேவைக்கு 18 சதவீத வரியை ரிவர்ஸ் சார்ஜ் முறையில் நீங்களே கட்ட வேண்டும். நான் மேலே சொன்ன விலைகளில் அது சேரவில்லை. ஆடிட்டரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.

திருட்டைத் தடுக்க முடியுமா?

சிடிஎன் போட்டாலே திருட்டு நின்றுவிடும் என்பது தவறான நம்பிக்கை. அது கொடுக்கும் பூட்டு ஒன்றுதான்: கையெழுத்திட்ட முகவரி. உள்நுழைந்த மாணவருக்கு மட்டும், சில மணி நேரம் மட்டும் செல்லும் லிங்க். நான் சொன்ன எல்லா நிறுவனங்களிலும் இந்த வசதி இருக்கிறது (ஆர்2 என்றால் நீங்களே கட்டிக்கொள்ள வேண்டும்), கட்டாயம் போடுங்கள். லிங்கைப் பகிர்ந்தால் பயன்படாது. அடுத்த படி டிஆர்எம், அதாவது அனுமதி பெற்ற பிளேயரில் மட்டும் திறக்கும்படி வீடியோவையே பூட்டும் முறை. ஆண்ட்ராய்டுக்கு வைட்வைன், ஐபோனுக்கு ஃபேர்பிளே. பெரும்பாலான கைபேசிகளில் திரைப்பதிவைத் தடுக்கும். ஆனால் இன்னொரு கைபேசியை எதிரே வைத்துப் படமெடுப்பவரை எதுவும் தடுக்காது.

உங்களுக்கு நான் சொல்வது: டிஆர்எம்முக்கு இப்போது செலவழிக்க வேண்டாம். மாணவரின் பதிவு எண் திரையில் அவ்வப்போது இடம் மாறித் தெரிகிற வாட்டர்மார்க் போடுங்கள். யாரிடமிருந்து கசிந்தது என்று தெரியும் என்பதே பலரைத் தடுக்கும். ஏற்கெனவே டெலிகிராமில் இருப்பதற்கு உங்களுக்குச் சட்ட உரிமை இருக்கிறது. பாடங்களின் ஒளிப்பதிவு 1957-ஆம் ஆண்டு பதிப்புரிமைச் சட்டத்தின் கீழ் உங்கள் சொத்து. 2022-இல் ஒரு பயிற்சி ஆசிரியை தொடுத்த வழக்கில், அவர் பாடங்களைப் பரப்பிய சேனல்களை நடத்துபவர்களின் விவரத்தைத் தரும்படி டெல்லி உயர் நீதிமன்றம் டெலிகிராமுக்கு உத்தரவிட்டது. முதலில் லிங்குகளையும் தேதியோடு ஸ்கிரீன்ஷாட்களையும் சேர்த்து வைத்து, நீக்கச் சொல்லிப் புகார் கொடுங்கள். நீக்கவில்லை என்றால் வழக்கறிஞரிடம் போகலாம்.

லைவ் வகுப்பில் சேர்ந்து வாசிப்பது

இதற்கு இல்லை என்றுதான் பதில் சொல்ல வேண்டியிருக்கிறது. சாதாரண எச்எல்எஸ் லைவில் ஆறு விநாடித் துண்டுகள் மூன்று சேர்ந்த பிறகே பிளேயர் ஓட்டத் தொடங்கும். அதிலேயே 18 விநாடி பின்தங்கிவிடும். தாமதம் குறைந்த எச்எல்எஸ்ஸில் சில விநாடிகளாகக் குறையும். வீடியோ அழைப்புகள் பயன்படுத்தும் வெப்ஆர்டிசியில் அரை விநாடிக்குள் வரும். ஆனால் இருவர் தாளம் தப்பாமல் சேர்ந்து வாசிக்க வேண்டுமென்றால், தாமதம் ஒரு விநாடியின் நாற்பதில் ஒரு பங்கு அளவில் இருக்க வேண்டும். கண்ணாடி இழையில் ஒளி விநாடிக்குச் சுமார் 2 லட்சம் கிலோமீட்டர்தான் போகும். தஞ்சாவூரிலிருந்து டொராண்டோ 13,000 கிலோமீட்டருக்கு மேல். நேர்கோட்டில் கேபிள் போட்டாலும் ஒலி அங்கே போய்ச் சேரவே 65 மில்லிவிநாடி ஆகும், அவர் வாசிப்பு திரும்பி வர இன்னொரு 65. எந்த நிறுவனமும் இதை மாற்ற முடியாது.

ஆகவே ஞாயிறு வகுப்புக்கு சிடிஎன்னே வேண்டாம். நீங்கள் வாசிக்க, மாணவர் திருப்பி வாசிக்கும் முறைக்கு இருவழிச் செயலி ஒன்று போதும். ஒலியில் "இசைக்கான" அமைப்பு இருந்தால் அதைப் போடுங்கள். இல்லையென்றால் தேயும் மீட்டொலியைச் சத்தம் என்று நினைத்துச் செயலி வெட்டிவிடும். வாட்ஸ்அப் அழைப்பு அமீரகத்தில் ஓடாது என்பது உங்கள் துபாய் மாணவர்களுக்கே தெரியும். அங்கே அனுமதி உள்ள செயலியாகத் தேர்ந்தெடுங்கள்.

அப்புறம் என்ன செய்வது

முதல் வாரம், அதிகம் பார்க்கப்படும் இருபது பாடங்களை மட்டும் நான்கு தரங்களாக மாற்றுங்கள். பன்னியில் ஒரு பிரதி, ஆர்2-இல் ஒரு பிரதி. இரண்டுக்கும் சேர்த்து முதல் மாதம் சில ஆயிரம் ரூபாய்க்கு மேல் போகாது. கைக்கு எளிது என்பதால் என் முதல் தேர்வு பன்னி. அளவீடு ஆர்2 பக்கம் சாய்ந்தால், அண்ணன் மகனும் பொறுப்பேற்பதாகச் சொன்னால், அங்கே போங்கள். கிளவுட்ஃபிரண்டைத் தள்ளி வைப்பது உங்கள் அளவில் விலைக்காக மட்டுமே. சேவையில் குறை இல்லை.

பிறகு ஊருக்கு இரண்டு பேராகப் பத்து மாணவர்களைத் தேர்ந்தெடுங்கள். பிளேயரிலிருந்து மூன்று எண்கள் வேண்டும்: பொத்தானை அழுத்தி எத்தனை விநாடியில் தொடங்கியது, அரை மணி நேரத்தில் எத்தனை விநாடி நின்றது, பெரும்பாலும் எந்தத் தரத்தில் ஓடியது. இதைப் பதிவு செய்யும் சிறு நிரலை அண்ணன் மகன் எழுதிவிடுவான். கிளவுட்ஃபிளேர் அனுப்பும் பதிலின் ஹெடரில் (பதிலோடு கூட வரும் குறிப்பு) எந்த ஊர் சர்வரிலிருந்து வந்தது என்பதும் விமான நிலையக் குறியீடாக இருக்கும்: சென்னைக்கு எம்ஏஏ, கொழும்புக்கு சிஎம்பி, சிங்கப்பூருக்கு எஸ்ஐஎன். பிரதி கேஷிலிருந்து வந்ததா, மூலத்துக்குப் போய் வந்ததா என்பதும் அங்கேயே இருக்கும். தஞ்சாவூர் மாணவிக்கு எஸ்ஐஎன் என்று வந்தால் காரணம் தெரிந்துவிட்டது. எம்ஏஏ என்று வந்தும் வீடியோ நின்றால், அது அவர் கைபேசி இணைப்பின் சிக்கல். 240பியும் ஒலி மட்டும் உள்ள தரமும் அவருக்காகத்தான்.

முகவருக்கு இன்றே பதில் எழுதிவிடுங்கள்: "எங்கள் தேவை மாதம் 5 டிபி. குறைந்தபட்சக் கட்டணம் இல்லாமல், மாதத்துக்கு மாதம் தர முடியுமானால் சொல்லுங்கள். நாங்களும் சோதித்துப் பார்க்கிறோம்." மாதக் கடைசி என்ற அவசரம் அவருடையது.

யாழ்ப்பாணத்து மாணவர்களின் அளவை மட்டும் இரவு எட்டு மணிக்கு மேல் எடுங்கள். அவர்கள் பள்ளியும் டியூஷனும் முடித்து வீணையைக் கையில் எடுப்பது அப்போதுதான் என்று எழுதியிருந்தீர்கள். காலை பத்து மணிக்கு எடுத்த எண் அவர்களுக்கு உதவாது.